சமவெளிக்காரர்களுக்குப் பனிச்சரிவு: டெல்டாவிலிருந்து குளிர்கால மலைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் ஆறேழு பேரோடு உத்தராகண்ட் பக்கம் பனிமலை ஏறப் போவது என் பல ஆண்டுப் பழக்கம். நான் வழிகாட்டி அல்ல, மலையேற்றப் பயிற்சிக்குப் போய் வந்தவன், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் மருந்துச் சீட்டோடு மலைக் கேள்வியையும் சேர்த்து நீட்டுகிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

பனிச்சரிவு என்கிறீர்களே, அது நம் மார்கழிப் பனி மாதிரிதானே?

குழப்பமே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. நமக்குப் பனி என்றால் விடியற்காலையில் வைக்கோல்போர் மேல் ஈரமாகப் படிந்திருப்பது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. அங்கே விழுவதையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். ஆனால் அதற்கு எடை உண்டு. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். சரிந்து வந்து நின்ற பிறகு அதே அளவு பனி 300 முதல் 500 கிலோ ஆகிவிடும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் மூட்டை பத்தை நெஞ்சின் மேல் அடுக்கியதாக நினைத்துப் பாருங்கள். சரிவு நின்ற சில நொடிகளில் பனி இறுகிவிடும். உள்ளே கிடப்பவரால் விரலைக்கூட மடக்க முடியாது.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, தளர்பனிச் சரிவு. நெற்குவியலின் உச்சியில் ஒரு பிடி நெல்லைத் தட்டிவிட்டால் ஒரு புள்ளியில் தொடங்கி விசிறியாக விரிந்து இறங்குமே, அது போன்றது. இரண்டாவது பலகைச் சரிவு: இறுகிய பனிப் படுகை ஒன்று பலகை போல மொத்தமாகக் கழன்று வழுக்குவது. மலையில் நடப்பவர்களைப் பெரும்பாலும் கொல்வது இதுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது களத்தில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். மழை விட்டதும் அதன் மேல் ஏறினேன். பாதி உயரம் போனதும் தார்ப்பாய் மொத்தமும் என்னோடு வழுக்கி இறங்கியது. இன்றும் நினைவில் நிற்பது ஒன்றுதான்: நான் கால் வைத்த இடத்தில் எதுவும் ஆகவில்லை, எனக்கு நான்கு முழம் மேலே போய்ப் பிரிந்தது. பலகைச் சரிவும் இப்படித்தான். விரிசல் உங்கள் காலடியில் அல்ல, தலைக்கு மேலே விழும். நீங்கள் நிற்பது ஏற்கெனவே கழன்றுவிட்ட பலகையின் நடுவில்.

இத்தனை நாள் நின்ற பனி ஏன் திடீரென்று வழுக்குகிறது?

பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு படுகை. வெள்ளம் வந்துபோன படுகையில் குழி வெட்டினால் வண்டல் ஒரு வரி, மணல் ஒரு வரி என்று தெரியும் அல்லவா, அதே கதைதான். சில வரிகள் ஒன்றோடொன்று ஒட்டும், சில ஒட்டா.

ஒட்டாத வரி உருவாகும் விதம் சுவையானது. மேகமற்ற கடுங்குளிர் இரவுகளில் பனியின் அடிப்பகுதி வெதுவெதுப்பாகவும் மேற்பகுதி உறையும் குளிராகவும் இருக்கும். அடியிலிருந்து நீராவி மேலேறும்போது பனிமணிகள் பட்டை தீட்டிய சீனிப் பரல்களாக மாறிவிடுகின்றன. கையில் அள்ளினால் சீனி போலவே உதிரும், உருண்டை பிடிக்க வராது. இன்னொன்று, நம் மார்கழிப் பனியின் அண்ணன்: மேற்பரப்பில் இறகு இறகாகப் பூத்து நிற்கும் உறைபனி. பார்க்க அழகு. அதன் மேல் அடுத்த பொழிவு விழுந்து மூடிவிட்டால், வாரக்கணக்கில் ஆள் ஏறக் காத்திருக்கும் பொறி.

எந்தச் சரிவு ஆபத்தானது? எனக்கு எல்லா மலையும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

தெரியாமல் இருப்பது இயல்பு. நம் ஊரில் சரிவு என்றால் ஆற்றங்கரை, அதை விட்டால் பாலத்தின் ஏற்றம். மலையாளிக்கும் கொடைக்கானல்காரருக்கும் கண்ணில் இருக்கும் அளவுகோல் நம்மிடம் கிடையாது.

பலகைச் சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் கிளம்பும். 25 பாகைக்குக் கீழே கிளம்புவது அபூர்வம். மிகச் செங்குத்தான இடங்களில் பனி தங்குவதே இல்லை, விழ விழ உதிர்ந்துவிடும். இதை எப்படி மனத்தில் வைப்பது? உங்கள் வீட்டு மாடிப்படியைப் பாருங்கள். படியின் உயரம் 7 அங்குலம், அகலம் 10 அங்குலம் என்றால் அந்தச் சாய்வு 35 பாகை. தினமும் துணி காயப்போட ஏறும் அதே சாய்வுதான் மலையில் ஆளை விழுங்குவது. "இது என்ன பெரிய செங்குத்தா?" என்று தோன்றும் இடம்தான் ஆபத்தான இடம். கைப்பேசியில் சாய்வு அளக்கும் செயலி இருக்கிறது. ஊரிலேயே மாடிப்படியில் வைத்துப் பழகிக்கொண்டு போங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே அப்படி ஒரு சரிவு இருந்தால் அது உங்களைத் தேடி வரும். அடர்ந்த காட்டின் நடுவே மேலிருந்து கீழாக மரமே இல்லாமல் ஒரு பட்டை தெரிந்தால், அது பனிச்சரிவு வழக்கமாக வரும் வாய்க்கால். அங்கே கூடாரம் அடிக்கவும் கூடாது, படம் எடுக்க நிற்கவும் கூடாது.

நாங்கள் போவது கேதார்காந்தா. சுலபமான மலை என்கிறார்களே?

கேதார்காந்தா உத்தரகாசி மாவட்டத்தில் 12,500 அடி உயரம். சாங்க்ரியிலிருந்து ஏறும் வழியில் பெரும்பகுதி காட்டுக்குள், மிதமான ஏற்றம். குளிர்காலத்துக்கு அது பெயர் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். உச்சிக்கான கடைசி ஏற்றம் அப்படியல்ல, அங்கே சாய்வு கூடுகிறது. பெரும்பொழிவுக்கு மறுநாள் அந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி கேட்காமல் காலடி வைக்காதீர்கள்.

மலையேறுகிறவர்களுக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்கவேண்டாம். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் பனிச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். காரில் வந்த சுற்றுலாப் பயணிகள். 13ஆம் மைல் வரைதான் அனுமதி, அவர்கள் 15ஆம் மைல் வரை சென்றிருந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

பயண நிறுவனத்திடம் பணம் கட்டுமுன் கேளுங்கள்: வழிகாட்டி பனிச்சரிவுப் பயிற்சி பெற்றவரா, மீட்புக் கருவி கொண்டுவருவார்களா, எந்த நிலைமையில் பயணத்தைத் திருப்புவார்கள், திருப்பினால் அந்த முடிவை எடுப்பவர் யார். ஒரு நிறுவனம் எனக்குச் சொன்ன பதில், "அதெல்லாம் அந்தப் பக்கம் வராது சார்." முன்பணம் கட்டியிருந்தேன். விட்டுவிட்டேன்.

சத்தம் போட்டால் சரிவு வருமாமே?

வராது. சினிமாவோடு சரி. மனிதக் குரலின் அதிர்வுக்கு அந்த வலு கிடையாது. சரிவைக் கிளப்புவது எடை: புதுப் பனியின் எடை, காற்று கொண்டுவந்து கொட்டும் பனியின் எடை, உங்கள் எடை. ஆட்கள் இறந்த சரிவுகளில் சுமார் 90 சதவீதம், சிக்கியவரோ அவரோடு வந்தவரோ கிளப்பியவை. கத்தத் தயங்கவேண்டாம், மிதிக்கத் தயங்குங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்? சம்பா அறுவடை முடியாமல் நகர முடியாது.

நமக்கு மழை வங்கக் கடலிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. மேற்கு இமயத்துக்குப் பனி மேற்கிலிருந்து, டிசம்பர் முதல் மார்ச் வரை, அலை அலையாக வருகிறது. மேற்கத்திய இடையூறு என்று வானிலைச் செய்தியில் சொல்வது அதைத்தான். அறுவடையை முடித்துக்கொண்டு மாசியில் கிளம்புகிறவர்களுக்குப் பனி நிறையக் கிடைக்கும். கூடவே, பகல் வெயில் ஏறி நண்பகலுக்குமேல் ஈரப் பனி கனத்துச் சரியும் காலமும் தொடங்குகிறது. ஆகவே வெயில் படும் சரிவுகளை விடிகாலையில் கடந்துவிடவேண்டும்.

பெரும்பொழிவு நின்ற முதல் 24 முதல் 48 மணி நேரம் மிக மோசமானது. வானம் தெளிந்து நீலமாக இருக்கும், எல்லாருக்கும் கால் பரபரக்கும். சங்கடமே அதுதான். பயணத் திட்டத்தில் இரண்டு நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டை நெருக்கமாகப் போட்டவன் மலையில் தப்பான முடிவெடுப்பான்.

குளிர்காலம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாள் கழித்து நேபாளத்து அன்னபூர்ணா பகுதியில் பனியாகக் கொட்டியது. பனிப்புயலிலும் சரிவுகளிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் குழு திரௌபதி கா தண்டா சிகரத்தில் சரிவில் சிக்கியது. 29 பேரை இழந்தார்கள். மலை தெரிந்தவர்கள், காலை வேளை, தலைமைக்கு ஆள் இருந்தது. அப்படியும் நடந்தது.

எச்சரிக்கை எங்கே கிடைக்கும்?

ராணுவ ஆய்வுத் துறையின் கீழ் சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்இ என்ற நிறுவனம் காஷ்மீர், லடாக், இமாச்சலம், உத்தராகண்ட், சிக்கிம் பகுதிகளுக்கு முன்னறிவிப்பு கொடுக்கிறது. 1969இல் தொடங்கிய பனி ஆய்வு நிறுவனத்தின் இன்றைய வடிவம் அது. மாநிலப் பேரிடர் மேலாண்மைத் துறைகள் அதை எடுத்து, இந்த மாவட்டத்தில் இத்தனை மீட்டருக்கு மேல் இந்த அளவு ஆபத்து என்று வெளியிடுகின்றன.

எண்களில் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றினால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அந்த வரிசை 11 வரை போகும். உலகளவில் பனிச்சரிவு வரிசை ஐந்தோடு முடிகிறது. அதில் 3 என்பது ஒரு ஆள் மிதித்தாலே சரியக்கூடும் என்ற நிலை. ஐரோப்பாவில் உயிரிழப்பில் பெரும்பங்கு 3ஆம் நிலை நாட்களில்தான் நேர்கிறது. நான்கும் ஐந்தும் வந்தால் எல்லாரும் அறையிலேயே இருந்துவிடுகிறார்கள் அல்லவா.

களத்தில் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள அடையாளம் உண்டா?

பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம் இருந்தால் வேறு சான்றே வேண்டாம். கால் வைக்கும்போது பூட்டிய வீட்டுக்குள் நெல் மூட்டை விழுந்தாற்போல் 'தொம்' என்று அமுங்கும் ஒலி கேட்டால், அடியில் ஒரு வரி நொறுங்கிவிட்டது என்று பொருள். உடனே வந்த தடத்திலேயே திரும்புங்கள். காலிலிருந்து கண்ணாடி கீறுவது போல விரிசல் ஓடினாலும் அப்படியே. இரவோடு இரவாக முழங்காலளவு விழுந்த புதுப் பனி, திடீர் மழை, திடீர் வெப்பம் ஆகியவையும் கணக்கில் சேரும். காற்றையும் கவனிக்கவேண்டும். காற்றடிக்கும் பக்கத்திலிருந்து பனியை வாரி மறுபக்கச் சரிவில் கொட்டிவிடும். பொழிவே இல்லாமல் ஒரே இரவில் அந்தப் பக்கம் கனத்துவிடும்.

வழிகாட்டிகள் குழி வெட்டிப் பார்ப்பார்கள். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூணைச் செதுக்கி, மேலே ஷவலை வைத்து மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவார்கள். எத்தனையாவது தட்டில் எந்த வரி நழுவுகிறது என்பதுதான் சோதனை. ஒருமுறை மணிக்கட்டின் நான்காவது தட்டிலேயே மேல் துண்டு இழுப்பறை போல வெளியே வந்து என் மடியில் விழுந்தது. வெட்டிய முகத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், சீனி. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

சந்தேகமான இடத்தைக் கடந்தே ஆகவேண்டும் என்றால்?

முதல் பதில், கடக்கவேண்டியதில்லை. சுற்றுவழி இருக்கும், அல்லது வீட்டுக்கு வழி இருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு முறை நடந்தது. பிற்பகல் இரண்டு மணி. ஒரு ஓடைப் பள்ளத்தைத் தாண்டினால் கூடாரம், முக்கால் மணி நடை. வழிகாட்டி மேலே பார்த்தார், பீடியைப் பற்றவைத்தார், இன்று வேண்டாம் என்றார். எங்களோடு வந்த பாபநாசத்துக்காரர், எனக்கு அண்ணன் முறை, கொதித்துவிட்டார். "இவ்வளவு செலவு பண்ணி வந்தது இவன் முகத்தைப் பார்க்கவா தம்பி?" என்றார். நான் சொன்னது இதுதான்: "மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த முதல் நாள் வெளியூர்க்காரன் கல்லணைப் பக்கம் இறங்கினால் நீங்கள் என்ன சொல்வீர்கள், அண்ணே?" அவர் அதற்குப் பதில் பேசவில்லை. மணல் அள்ளிய குழி எது, சுழல் எது என்று அவருக்கு அத்துபடி. தெரியாமல் இறங்கியவர்களைத் தூக்கிக் கரையில் போட்டவர். அங்கே மலையில் நாங்கள்தான் அந்த வெளியூர்க்காரர்கள். அந்தப் பள்ளம் அன்று சரிந்ததா என்று கேட்பீர்கள். சரியவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடந்தோம்.

கடக்கிறபோது ஒருவர் பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒரே ஆள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைவிட்டுக் கண் எடுக்காமல் பார்க்கவேண்டும். பையின் இடுப்புப் பட்டையைத் தளர்த்துங்கள், ஊன்றுகோலின் கயிற்றை மணிக்கட்டிலிருந்து கழற்றுங்கள். நடுவில் செல்ஃபி கிடையாது.

என்ன கருவி வேண்டும்?

மூன்று, மூன்றும் ஒவ்வொருவரிடமும். 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பவும், புதைந்தவரின் சைகையைப் பிடித்துத் தேடவும் உதவும் டிரான்சீவர், மடக்கி வைக்கும் நீளமான துழாவுகம்பி, உலோக ஷவல். நம் மண்வெட்டி ஆகாது. அது நம் பக்கம் இழுப்பதற்கானது, இங்கே அள்ளி எறியவேண்டும். டிரான்சீவரைப் பையில் போடாமல் உடம்போடு கட்டவேண்டும். கைப்பேசியை அதனிடமிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவேண்டும்.

காற்றுப்பை உள்ள முதுகுப்பையும் உண்டு, விலை அதிகம். மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் தூள் அடியிலும் பெரிய துண்டு மேலேயும் வருமே, அந்தத் தத்துவம்தான். உங்களைப் பெரிய துண்டாக்கி மேலே நிறுத்தும்.

சிங்கப்பூர் மாமாவோ துபாய் அண்ணனோ வாங்கித் தந்த சாட்டிலைட் போனை மட்டும் எடுத்து வராதீர்கள். அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம்.

காவிரியில் நீந்துவேன். சரிவில் மாட்டினால் நீந்திவிடலாமா?

பனி தண்ணீரல்ல. ஆனாலும் கைகால் அடித்து மேலே இருக்கப் போராடுங்கள். முதல் நொடியில் கத்தி மற்றவர்களை எச்சரித்து, பலகையின் ஓரத்துக்குப் பாயுங்கள். ஊன்றுகோலை எறியுங்கள். வேகம் குறைகிறது என்று தோன்றியதும் ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பண்ணுங்கள். நின்றபின் எதுவும் முடியாது.

கூட வந்தவர் புதைந்துவிட்டார். என்ன செய்வது?

உதவி கூப்பிட ஓடாதீர்கள். உதவி நீங்கள்தான். 10 முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பத்தில் மூன்று பேர்தான். மூச்சுத்திணறல்தான் பெரும்பாலும் கொல்கிறது. கீழே கிராமத்திலிருந்து ஆள் வருவதற்குள் இந்தக் கணக்கு முடிந்துவிடும்.

மேலே இன்னொரு சரிவு தொங்குகிறதா என்று ஒரு பார்வை. பிறகு அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். கையுறை, பை எது மேலே கிடந்தாலும் இழுத்துப் பாருங்கள். எல்லாருடைய டிரான்சீவரும் உடனே தேடும் நிலைக்கு மாறவேண்டும். ஒருவர் மறந்து அனுப்பும் நிலையிலேயே விட்டால் அவரையே சுற்றிச் சுற்றித் தேடுவீர்கள். கருவி காட்டும் தூர எண் குறையக் குறைய வேகத்தைக் குறைத்து, கடைசியில் கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தில் கம்பியைச் செங்குத்தாகக் குத்துங்கள். படவில்லையென்றால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாக. கம்பி உடம்பில் பட்டால் தெரியும், தரை போல் முட்டாமல் மெத்தென்று இருக்கும். பட்டதும் கம்பியை உருவாதீர்கள்.

தோண்டுவதில்தான் நேரம் போகிறது. கம்பிக்கு நேர் மேலே நின்று கிணறு வெட்டக் கூடாது. சரிவின் கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று குடைந்து உள்ளே போங்கள். ஒருவர் வெட்ட, பின்னால் நிற்பவர் பனியைத் தள்ளிவிட, சோர்வதற்கு முன்பே இடம் மாறுங்கள். நடவுக்கு வரிசை கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்து, மார்பை விடுவித்து, மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். பிறகு குளிர். உடம்பை உலுக்காமல், புரட்டாமல், மெதுவாகக் கையாளவேண்டும். சிக்னல் இருந்தால் 112.

சியாச்சினில் ஒரு வீரர் ஆறு நாள் உயிரோடு இருந்தாரே?

2016 பிப்ரவரி 3 அன்று சோனம் ராணுவ முகாமில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டு, 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அது அதிசயம். அதை வைத்துத் திட்டம் போட முடியாது.

பயிற்சி எங்கே?

உத்தரகாசி நேரு நிலையம், டார்ஜிலிங் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம், மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் நிலையம் ஆகிய மூன்றிலும் ஏறக்குறைய ஒரு மாத அடிப்படைப் பயிற்சி உண்டு. நேரமில்லாதவர்கள் டிரான்சீவர் தேடலையாவது பழகுங்கள். நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு கொள்ளிடக் கரையில் ஒரு கருவியைச் சாக்கில் கட்டி மணலில் புதைத்துத் தேடுவோம். முதல் தடவை 22 நிமிடம் ஆனது. சாக்குக்குள் ஆள் இல்லை என்று சிரித்துக்கொண்டோம், ஆனால் அடுத்த வாரமும் போனோம்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

"வடக்கே டூர்" என்று சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த ஊர், எந்த வழி, எந்த இரவு எந்த முகாம், வழிகாட்டியின் எண், அந்த மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறை எண், எந்தத் தேதி எத்தனை மணி வரை போன் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், எப்போதிலிருந்து தேடத் தொடங்கவேண்டும். மேலே சிக்னல் இருக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். என் அம்மா அந்தத் தாளை நாட்காட்டியின் பின்னால் செருகி வைத்திருப்பார். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அதை எடுத்து, நாலாக மடித்து, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவார். அடுத்த ஆண்டு வழி மாறினாலும் கட்டுப்பாட்டு அறை எண் அதேதானே என்பார்.